பச்சை ஸ்டிக்கர், சிவப்பு வளையம்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். மாக்ஸ் பிரவுவர் அலே என்று ஒரு சாலை. 2018 மே 31-ம் தேதி அந்தச் சாலையில் 580 மீட்டர் தூரத்துக்கு மட்டும் புதிதாக போர்டு நட்டார்கள். சிவப்பு வளையம் போட்ட ஒரு வட்டம். கீழே ஒரே ஒரு வரி. யூரோ 5 வரைக்குமான டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அங்கேயே குடியிருப்பவர்கள் போகலாம். ஆம்புலன்ஸ் போகலாம். குப்பை வண்டி போகலாம். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான்.

580 மீட்டர் என்பது நடந்தால் ஏழெட்டு நிமிடம். இதற்குப் போய் ஒரு தேசம் தலையில் கை வைத்துக்கொண்டதா என்றால், ஆமாம். டீசல் பிறந்த ஊரில் டீசலுக்கு வைத்த முதல் தடை போர்டு அதுதான்.

அதில் மாட்டிய கார்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.டி. 'ஹாட் ஹேட்ச்' என்று ஒரு ரகம் உண்டு. பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற சின்னக் குடும்பக் கார். பின்கதவைத் தூக்கினால் சாமான் வைக்க இடம். ஆனால் உள்ளே இருப்பது பந்தயக் குதிரை. அந்தக் குதிரைக்குப் பெட்ரோலுக்குப் பதில் டீசல் ஊற்றினால் அதுதான் ஜி.டி.டி. 2009-ல் லைப்சிக் நகரக் கார் கண்காட்சியில் ஆறாம் தலைமுறை ஜி.டி.டி.யைக் காட்டினார்கள். 170 குதிரைசக்தி. மணிக்கு 222 கிலோமீட்டர். இவ்வளவு ஓட்டம் ஓடிவிட்டு 100 கிலோமீட்டருக்கு 5.3 லிட்டர்தான் குடிக்கும் என்றது கம்பெனி. அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 19. வேகத்துக்கு ஆசைப்படுகிற, அதே சமயம் மாதக் கடைசியில் பெட்ரோல் பில்லைப் பார்த்து வயிறு எரிகிற ஆசாமிகளுக்கென்றே செய்த கார்.

கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேறு. ஜெர்மனியில் சுத்தமான வண்டிக்கு அரசாங்கம் தருகிற அத்தாட்சி. நகரத்துக்குள் எந்தச் சூழல் மண்டலத்துக்குள்ளும் தாராளமாகப் போகலாம்.

ஒன்பது வருடம் கழித்து, 2018 பிப்ரவரி 27 அன்று, அதே லைப்சிக் நகரத்தில் இருக்கும் மத்திய நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நகரங்கள் பழைய டீசல் வண்டிகளைத் தடுக்கலாம். ஸ்டிக்கர் பச்சையாகவே இருந்தது. போர்டுதான் சிவப்பு.

இந்த வண்டியின் கதையை ஷோரூம் பக்கமிருந்து சொன்னால் விளம்பரம் மாதிரி இருக்கும். ஒர்க்‌ஷாப் பக்கமிருந்து பார்த்தால்தான் விவகாரம் புரியும்.

1976-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்தது. பெட்ரோல். 110 குதிரைசக்தி. ஐரோப்பிய இளவட்டங்கள் கிறங்கிப் போனார்கள். அதே வருடம் கோல்ஃப் டீசலும் வந்தது. 50 குதிரைசக்தி. யாரும் கிறங்கவில்லை. ஆனால் வாங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியின் சூடு ஆறாத காலம். சாவியைத் திருப்பி, குளோ பிளக் சூடாகும்வரை காத்திருந்து, அப்புறம் தடதடவென்று கிளப்ப வேண்டும். டிராக்டர் சத்தம், டிராக்டர் வேகம்.

1982-ல் இதற்கு ஒரு டர்போவை மாட்டினார்கள். வெளியே போகிற புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றி, அதைக் கொண்டு உள்ளே அதிகக் காற்றைத் திணிக்கிற சமாசாரம். 1.6 லிட்டர் என்ஜின் 70 குதிரைசக்தியைத் தொட்டது. பெயர் ஜி.டி.டி. இன்றைக்கு 70 என்றால் சிரிப்பு வரலாம். அன்றைக்கு டீசல் கார் ஒன்று லாரியை முந்துவதே செய்திதான்.

அந்தத் தலைமுறை வண்டிகளின் பெரிய சௌகரியம், ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் போதும். எல்லாம் இரும்பு. எரிபொருள் பம்ப்பில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கொஞ்சம் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும். வண்டி சீறும். பின்னால் கன்னங்கரேலென்று புகை வரும். யாருக்குக் கவலை? 1990-களில் பிரிட்டனில் பெஜோ 306 டி-டர்போ வைத்திருந்தவர்கள் இந்தத் திருகாணி வைத்தியத்தில் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார்கள்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. இந்த என்ஜின்கள் எதைக் குடித்தாலும் செரித்துவிடும். 2002-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், லனெத்லி என்ற ஊரில், திடீரென்று போலீஸார் ரோட்டில் நின்று டீசல் கார்களை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார்கள். மோப்பம் என்றால் நிஜமாகவே மூக்கால். பக்கத்து நகரமான ஸ்வான்ஸீயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சமையல் எண்ணெய் கன்னாபின்னாவென்று விற்றிருக்கிறது. ஊரே பஜ்ஜி போடுகிறதா என்று பார்த்தால், இல்லை. வாங்கிக்கொண்டு போய் காரில் ஊற்றியிருக்கிறார்கள். வரி கட்டாத எரிபொருள், ஆகவே குற்றம். பிடிபட்டவர்கள் 500 பவுண்ட் கட்டித்தான் வண்டியை மீட்டார்கள். பத்திரிகைகள் அந்தப் போலீஸ் படைக்கு 'ஃப்ரையிங் ஸ்குவாட்' என்று பெயர் வைத்துக் கொண்டாடின. 2007-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே இறங்கி வந்து, வருடத்துக்கு 2,500 லிட்டர் வரைக்கும் வரியில்லாமல் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது.

1900-ம் வருடம் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ருடால்ஃப் டீசல் அதைப் பற்றிப் பிற்பாடு பெருமையாகப் பேசியிருக்கிறார். அவரைக் கேட்டால் வேல்ஸ்காரர்களுக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1989-ல் ஆடி 100 காரில் டி.டி.ஐ. என்ஜின் வந்தது. டீசலை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சி, அந்தப் பீய்ச்சலைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற முறை. அன்றோடு திருகாணி காலம் முடிய ஆரம்பித்தது. 1998-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்த யூனிட்டை வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் பும்பே டூஸே என்பார்கள். 2,000 பார் அழுத்தம். நம் கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! நான்காம் தலைமுறை கோல்ஃபில் இது 150 குதிரைசக்தியைக் கொடுத்தது. டீசல் கார் பெட்ரோல் ஜி.டி.ஐ.க்கு ஹெட்லைட் போட்டு வழி கேட்ட காலம்.

பராமரிப்பில் அப்போதுதான் முதல் சிக்கல். அந்த பம்ப்புகளைக் கேம் ஷாஃப்ட்தான் அமுக்க வேண்டும். அவ்வளவு பாரத்தைத் தாங்க அதற்கென்றே ஒரு தனி ஆயில். கம்பெனி நம்பர் போட்டு அதைத்தான் ஊற்றச் சொன்னது. இரண்டாவது கை, மூன்றாவது கை மாறிய வண்டிகளில் சொந்தக்காரர்கள் மலிவாகக் கிடைத்ததை ஊற்றினார்கள். கேம் தேய்ந்தது. ஆயிலில் மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு செலவு. பழைய ஜி.டி.டி.யில் சமையல் எண்ணெய் ஊற்றியவனுக்கு இந்தப் புது வண்டி காட்டிய கண்டிப்பு பிடிக்கவில்லை. வேறென்ன செய்வது?

கூடவே ஒரு புதுத் தொழில் முளைத்தது. ஸ்பேனர் வேண்டாம், லாப்டாப் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட். அதில் ஒயரைச் செருகி, என்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதினால் குதிரைகள் கூடும். 'ரீமேப்' என்று பெயர். பழைய திருகாணிதான், பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் கூடுகிற குதிரைகளை கிளட்சும், அதற்குப் பின்னால் இருக்கும் இரட்டை ஃப்ளைவீலும் தாங்க வேண்டுமே? ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் முதலில் லாப்டாப்காரருக்குக் காசு, சில மாதத்தில் கிளட்ச் மெக்கானிக்குக் காசு. ஜெர்மனியில் இன்னொரு தொல்லையும் உண்டு. இப்படி மாற்றியதை முறைப்படி சோதித்துப் பதிவு செய்யாவிட்டால் வண்டியின் ஓட்டும் அனுமதியே ரத்தாகிவிடும்.

இந்தச் சமயத்தில் ஐரோப்பிய அரசாங்கங்கள் டீசலைத் தாங்கு தாங்கென்று தாங்கின. பல நாடுகளில் டீசலுக்கு வரி குறைவு. பிரிட்டன் 2001-லிருந்து கார் வரியைக் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் போட்டது. டீசல் குறைவாக எரியும், ஆகவே கார்பன் டை ஆக்சைடும் குறைவு, ஆகவே வரியும் குறைவு. 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

எல்லாருமே மறந்த இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கரித்தூள். இரண்டு, நைட்ரஜன் ஆக்சைடுகள். நுரையீரலைப் பதம் பார்ப்பவை. டீசல் என்ஜினில் இவை இரண்டும் தராசின் இரண்டு தட்டு மாதிரி. என்ஜினை அதிகச் சூட்டில் நன்றாக எரியவிட்டால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுச் சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி ஏறும்.

இப்போது 2009 ஜி.டி.டி.யின் வயிற்றைத் திறந்து பார்ப்போம். புகையைத் திருப்பி அனுப்ப ஈ.ஜி.ஆர். வால்வு. கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்கிற ஃபில்டர். ஃபில்டர் நிறைந்ததும் வண்டி தானே சூட்டை அறுநூறு டிகிரி வாக்கில் ஏற்றி அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்கு நெடுஞ்சாலையில் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்புகிற வண்டியில் அது நடக்காது. எரிப்பது பாதியில் நிற்கும், எரியாத டீசல் என்ஜின் ஆயிலோடு கலக்கும், ஃபில்டர் அடைக்கும். ஈ.ஜி.ஆர். பக்கமோ கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரிக் குழாயில் படியும். வயதான டீசல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவரின் பாதிச் சம்பாத்தியம் இந்த இரண்டு பாகங்களுக்குத்தான்.

குறுக்கு வழி என்ன? ஃபில்டரை அறுத்து எடு, ஈ.ஜி.ஆரை மூடு, லாப்டாப்பில் அவை இருப்பதாகவே கம்ப்யூட்டரை நம்பவை. வண்டி இளமை திரும்பியதுபோல் பறக்கும். ஊர் மூச்சுதான் போகும். பிரிட்டனில் இது பெருகிப்போய், 2014 பிப்ரவரியிலிருந்து வருடாந்திரத் தகுதிச் சோதனையில் ஃபில்டர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஓட்டைப் பிரித்து இறங்கும் திருடர்களைப் பிடிக்கும் மும்முரத்தில் வாசல் கதவை யாரும் கவனிக்கவில்லை.

வாசல் வழியாக நடந்தது இது. அமெரிக்காவில் ஐ.சி.சி.டி. என்று ஓர் ஆய்வு அமைப்பு. அமெரிக்க டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று ஐரோப்பாவுக்குச் சுட்டிக்காட்ட நினைத்து, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 70,000 டாலர் கொடுத்தது. டான் கார்டரின் குழுவில் மாணவர்கள் மூன்று பேர் களப்பணி செய்தார்கள். மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம். அரவிந்த், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு அங்கே போனவர். காரின் பின்னால் ஜெனரேட்டரையும் அளவுக் கருவிகளையும் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பினார்கள். சோதனைக் கூடத்தில் சமர்த்தாக இருந்த ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ரோட்டில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. முதலில் கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. 2014 மே மாதம் முடிவு வெளியானது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை நோட்டீஸ் விட்டது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. ஈ.ஏ.189 என்ற என்ஜின் குடும்பம். நம்முடைய 2009 ஜி.டி.டி.யும் அதே குடும்பம்தான்.

எப்படி ஏமாற்றினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்டியரிங் திரும்பவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால் இது சோதனைக்கூடம் என்று சாஃப்ட்வேர் கண்டுபிடித்துவிடும். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். ஏன் ஏமாற்றினார்கள் என்பதற்குப் பேராசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம். 2017-ல் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது கூடவே கொடுத்த வாக்குமூலத்தில் இதைவிட சுவாரசியமான ஒரு பகுதி இருக்கிறது. 2012 வாக்கில் அமெரிக்க வாடிக்கையாளர்களின் கார்களில் புகைப் பாதைப் பாகங்கள் பழுதாக ஆரம்பித்தன. ஏன் என்று என்ஜினீயர்கள் மண்டையைக் குடைந்தார்கள். அவர்கள் ஊகித்த காரணம், அந்தக் கார்கள் ரோட்டிலும் தவறிப்போய்ச் சோதனை நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அதாவது, யோக்கியமாக ஓடுகின்றன! நீண்ட நாள் யோக்கியமாக ஓடுவதற்கு அந்த பாகங்கள் செய்யப்படவே இல்லை. ஆகவே பழுது. இதற்கு வைத்தியம்? பாகங்களைப் பலப்படுத்தவில்லை. ஸ்டியரிங் கோணத்தையும் பார்த்துச் சோதனைக்கூடத்தை இன்னும் துல்லியமாக அடையாளம் காணும்படி சாஃப்ட்வேரைக் கூர்மையாக்கினார்கள்.

டி.பி.எஃப். அடைத்துக்கொண்டால் அறுத்து எறிகிற தெருமுனை மெக்கானிக்குக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். மெக்கானிக் அதற்குத் தனியாகக் காசு வாங்குவார். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வண்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2016-ல் மட்டும் 1,470 கோடி டாலர் ஒப்பந்தம். ஐரோப்பியனுக்குக் கிடைத்தது 'அப்டேட்'. 2 லிட்டர் என்ஜினுக்கு சாஃப்ட்வேர் மாற்றம் மட்டும், அரை மணி நேர வேலை. 1.6 லிட்டருக்கு சாஃப்ட்வேரோடு, காற்றுக் குழாயில் வலை வைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. இவ்வளவு பெரிய ஊழலுக்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று ஊரே சிரித்தது.

ஓட்டுகிறவர்கள் சிரிக்கவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு ஈ.ஜி.ஆர். வால்வு போய்விட்டது, மைலேஜ் இறங்கிவிட்டது, ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது என்று பல நாடுகளிலிருந்து புகார். கம்பெனி மறுத்தது. மறுத்துக்கொண்டே, 2017-ல், அப்டேட் செய்த வண்டிகளுக்குக் குறிப்பிட்ட சில பாகங்களை 24 மாதம் வரைக்கும், 2,50,000 கிலோமீட்டர் ஓடாத வண்டியாக இருந்தால், இலவசமாகப் பார்த்துத் தருவதாக ஏற்றுக்கொண்டது. இதற்கு 'நம்பிக்கை வளர்ப்பு நடவடிக்கை' என்று பெயர். ஆறேழு வருடம் ஆன வண்டி வைத்திருந்த பலர், எனக்கு நம்பிக்கையே வேண்டாம், வண்டியைத் தொடாதே என்றார்கள். ஜெர்மனியில் அது நடக்கவில்லை. அப்டேட் கட்டாயம். கெடு தாண்டியவர்களின் வண்டிப் பதிவையே ரத்து செய்தார்கள்.

2020 மே மாதம் ஜெர்மன் உச்சநீதிமன்றம், கம்பெனி காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு காசு தரவேண்டும் என்றது. ஆனால் அதுவரை ஓட்டியதற்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு. இரண்டே மாதத்தில் அடுத்த வழக்கு. ஒருவரின் பஸாட் 2,55,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கழித்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம். வழக்கு ஜெயித்த மாதிரி, கைக்கு எதுவும் வரவில்லை. பி.காம். படித்தபோது தேய்மானம் கணக்கிட எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தார்கள். இந்த முறை அந்தப் புத்தகத்தில் இல்லை.

உச்சக்கட்டம் 2022 ஜூலை 14. அப்டேட்டுக்குள்ளேயே ஒரு ஜன்னல் இருந்தது. வெளியே 15 டிகிரிக்கும் 33 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே இருந்தால்தான், அதுவும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே என்றால்தான், புகையைத் திருப்பி அனுப்பும் வேலை முழுதாக நடக்கும். குளிர் கூடினால் குறைந்துவிடும். என்ஜினைக் காப்பாற்றத்தான் அப்படி என்றது கம்பெனி. ஐரோப்பாவில் வருடத்தில் பாதி நாள் 15 டிகிரிக்குக் கீழேதானய்யா என்று கேட்காத குறையாக, இதுவும் சட்டவிரோத ஏமாற்றுக் கருவிதான் என்று தீர்ப்பளித்தது ஐரோப்பிய நீதிமன்றம். 2023 பிப்ரவரியில் ஷ்லேஸ்விக் நகர நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கோல்ஃப் பிளஸ் 2 லிட்டர் டீசலுக்கு அரசாங்கத்தின் வாகனத் துறை அந்த அப்டேட்டை அனுமதித்ததே சட்டப்படி தப்பு!

ஒரே வண்டியின் சொந்தக்காரர் நிலைமையை யோசியுங்கள். வாங்கும்போது இருந்த சாஃப்ட்வேர் சட்டவிரோதம். அதை மாற்றாவிட்டால் பதிவு ரத்து. மாற்றினால், மாற்றியதும் சட்டவிரோதம்.

நேர்மையான வைத்தியம் இல்லாமல் இல்லை. யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் கருவியைப் பழைய வண்டியிலேயே பொருத்தலாம். 2018-ல் ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கம் நான்கு வண்டிகளில் பொருத்திச் சோதித்தது. நகர ஓட்டத்தில் 70 சதவிகிதம் வரை குறைந்தது. செலவு 1,400-லிருந்து 3,300 யூரோ என்று மதிப்பிட்டார்கள். 2019-லிருந்து சில மாடல்களுக்கு அனுமதியும் கிடைத்தது. அதற்குள் பாதிப் பேர் அந்த வண்டியைக் கிழக்கு ஐரோப்பாவுக்கு விற்கலாமா என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நம்ம ஊரிலும் இதன் தம்பி உண்டு. 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.டி.ஐ., 105 குதிரைசக்தி. டெல்லிப் பக்கம் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஆக 2023-ல் முதல் போலோக்களுக்கு ஆயுள் முடிந்தது, ஓடோமீட்டரில் எவ்வளவு இருந்தாலும் சரி, ஃபில்டர் எப்படி இருந்தாலும் சரி. 2025 ஜூலை 1 முதல் அந்த மாதிரி வண்டிகளுக்குப் பங்க்கில் டீசலே ஊற்றக்கூடாது என்றார்கள். ஊர் கொதித்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் புகையை அளந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். நாம் பிறந்த தேதியை மட்டும் பார்த்தோம்.

ஜெர்மனியிலும் பிறந்த தேதிக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. வண்டிக்கு 30 வயது முடிந்து, மூல உருவம் கெடாமல் நன்றாக வைத்திருந்தால், நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' என்று ஓர் எழுத்து கிடைக்கும். பாரம்பரியச் சின்னம். எச் போட்ட வண்டிக்குச் சூழல் மண்டலத்தில் விலக்கு உண்டு. பச்சை ஸ்டிக்கர்கூட வேண்டாம். ஃபில்டர் என்றால் என்னவென்றே தெரியாத 1982-ன் முதல் ஜி.டி.டி., திருகாணியும் கரும்புகையுமாக, ராஜா மாதிரி நகரத்துக்குள் போகலாம்.

2009-ல் பிறந்த ஜி.டி.டி.க்கு அந்த எழுத்து கிடைக்க 2039 ஆகவேண்டும். அதற்குள் எப்படியும் இன்னும் இரண்டு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டியிருக்கும்.